ஒரு ஆவணம், மூன்று குளம்: ஜேசிஆர் தேடல் எங்கே பிழைக்கிறது

கிளிநொச்சிச் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டக் குறிப்பு ஒன்றிலேயே இரணைமடு, அக்கராயன், கல்மடு என்ற மூன்று குளங்களும் வரும். ஆகவே ஜக்ரபிட் ஓக்கில் (ஜேசிஆர் என்ற ஜாவா உள்ளடக்கக் களஞ்சியத் தரத்தின்படி ஆவணங்களைச் சேமிக்கும் மென்பொருள்) ‘குளம்’ என்ற பண்பைப் பல பெறுமதிகள் ஏற்பதாகத்தான் வைக்கவேண்டும். தேடலுக்கு விதி ஒன்றுதான்: பெறுமதிகளில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே அந்த நோட் (node, களஞ்சியத்தில் ஒரு பதிவு) விடைக்குள் வந்துவிடும்.

[குளம்] = 'கல்மடு' என்றால் சிக்கலில்லை. இரண்டு சமன்பாடுகளை ‘அன்ட்’ போட்டு இணைத்தால் இரண்டு குளமும் உள்ள ஆவணங்கள் வரும்.

[குளம்] <> 'கல்மடு' (கல்மடு அல்லாதது) என்று கேட்டால்தான் வில்லங்கம். மேலே சொன்ன குறிப்பும் வந்து நிற்கும். அக்கராயன் கல்மடு இல்லைத்தானே! சமன்பாட்டை எழுதி, அதற்கு வெளியே ‘நொட்’ போடுங்கள். அப்போது ‘குளம்’ பண்பே இல்லாத நோட்களும் சேர்ந்து வரும். அவற்றை விலக்க ‘இஸ் நொட் நல்’ (பண்பு இருக்கவேண்டும்) நிபந்தனையையும் சேர்க்கவேண்டும். ‘நொட்’டுக்குப் பண்பு இன்டெக்ஸ் (பெறுமதியை வைத்து விரைவாகத் தேட உதவும் அட்டவணை) கைகொடுக்காது. மற்ற நிபந்தனைகளுக்கும் இன்டெக்ஸ் இல்லாமல், தேடும் பாதையையும் குறுக்காமல் விட்டால் ஓக் நோட் நோட்டாக நடந்து தேடும், லொக்கில் (இயக்கப் பதிவேட்டில்) எச்சரிக்கை விழும்.

இதைவிட மோசமானது வீச்சுத் தேடல். ஒரு ஆவணத்தின் ‘ஆண்டு’ பண்பில் 1998, 2021 இருக்கிறது. 2005க்குப் பிறகு, 2015க்கு முன் என்று தேடினால் அதுவும் வரும். முதல் நிபந்தனையை 2021 நிறைவேற்றுகிறது, அடுத்ததை 1998. ஒரே பெறுமதிதான் இரண்டுக்கும் பொருந்தவேண்டும் என்று ஓக்கிடம் சொல்ல வழியில்லை. ஒவ்வொரு ஆண்டையும் தனித்தனிப் பிள்ளை நோட்டாக வைப்பதே என் தெரிவு. விடையில் ஒரே தாய் நோட் திரும்பத் திரும்ப வந்தால் வடிகட்டிவிடலாம்.

படிவத்தில் ஒரு குளத்தை மட்டும் தெரிவுசெய்தால் சில நிரல்கள் அதை அணியாக (பெறுமதிகளின் வரிசையாக) அல்லாமல் தனிப் பெறுமதியாகச் சேமித்துவிடும். தேடல் இரண்டையும் பிடிக்கும். அணியை எதிர்பார்த்து வாசிக்கும் ஜாவா நிரல்தான் விழும். ஒரே ஒரு பெறுமதியென்றாலும் அணியாகவே எழுதுங்கள்.

தமிழுக்கென்றே ஒரு பொறி உண்டு. ‘கிளிநொச்சி’யின் ‘நொ’வில் கொம்பும் அரவும் ஒரே யூனிகோட் குறியாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. நீளம் பார்த்தால் ஒன்று 10, மற்றது 11. ஓக் இவற்றை வேறு வேறு சொல்லாகவே ஒப்பிடும். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஜாவாவின் நோர்மலைசர் வழியாக என்எஃப்சிக்கு (கொம்பையும் அரவையும் ஒரே குறியாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிட்டே அனுப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் சில பதிவுகள் அகப்படாது.