குரோமிய மண்ணில் வேருக்குத் துணையாகும் பாக்டீரியாக்கள்

பாலாற்றுப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, அங்கு ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டதைக் குறிப்பிடுகிறது. இவ்வளவு பரப்பிலும் மேல்மண்ணை வெட்டி அகற்றுவது நடக்கக்கூடிய காரியமன்று. அதனால்தான் செடிகளைக் கொண்டு மண்ணைச் சீர்ப்படுத்தும் வழியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆனால் தோல் பதனிடும் கழிவிலுள்ள குரோமியம் என்ற உலோகத்தாலும் உப்பாலும் நஞ்சேறிய மண்ணில் செடி முதலில் பிழைக்க வேண்டும். அதற்குக் கைகொடுப்பவை வேரை ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள்.

உலோக நஞ்சையோ உப்பையோ எதிர்கொள்ளும் செடி எத்திலினை மிகுதியாக உண்டாக்குகிறது. காய்களைப் பழுக்கவைக்கும் அதே வாயுதான் இது. அளவு மீறினால் வேர் நீள்வது தடைப்படும். எத்திலினுக்கு மூலப்பொருளான ஏசிசி என்ற சேர்மத்தில் ஒரு பகுதி வேரிலிருந்து வெளியே கசிகிறது. சில பாக்டீரியாக்கள் ஏசிசி டிஅமினேஸ் என்னும் நொதியால் அதைச் சிதைத்து, கிடைக்கும் அம்மோனியாவைத் தமக்கு உணவாக்கிக்கொள்கின்றன. வெளியே ஏசிசி குறையக் குறைய உள்ளிருப்பதும் கசிந்து வர, எத்திலின் தணிந்து வேர் மறுபடி வளர்கிறது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கிளிக் குழுவினர் 1998-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தனர். அதே ஆண்டு, நிக்கல் படிந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த குளுய்வெரா அஸ்கார்பேட்டா என்ற பாக்டீரியா, நிக்கல் நஞ்சிலிருந்து கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரின் நாற்றுகளைக் காப்பதையும் அவர்கள் வெளியிட்டனர். அந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி வேறு: ஒவ்வொரு மில்லிகிராம் செடித் திசுவிலும் சேர்ந்த நிக்கலின் அளவு மாறவில்லை. அதாவது பாக்டீரியா உலோகத்தைத் தடுக்கவில்லை. அதைத் தாங்கி வளரும் வலிமையைச் செடிக்குத் தந்தது. செடி பெருத்தால், அறுவடையோடு மண்ணை விட்டு வெளியேறும் உலோகமும் கூடும்.

குரோமியத்தின் கதை சற்று வேறு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் கரைந்து, நீரை மஞ்சளாக்கி, நிலத்தடிக்கு இறங்குகிறது. மூன்று இணைதிறன் கொண்டது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. முதலாவதை இரண்டாவதாக மாற்றும் பாக்டீரியாக்கள் உள்ளன. அவற்றோடு, உலோகத்தைப் பெரிதும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும் வெட்டிவேரை நட்டால் நஞ்சு பரவுவதைக் கட்டுப்படுத்தலாம். அமிலம் சுரந்து உலோகத்தை இளக்கித் தரும் பாக்டீரியாக்கள் துத்தநாகத்தை உறிஞ்சும் செடிகளுக்கு நல்ல துணை என்றாலும், கிணறுகள் நிறைந்த ஊரில் அவற்றைப் பயன்படுத்துவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். எண்ணெய்க் கழிவை பாக்டீரியா தின்று தீர்ப்பதுபோல் உலோகத்தைத் தீர்க்க முடியாது; உலோகம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூன்று இணைதிறன் குரோமியத்தைத் திரும்பவும் ஆறு இணைதிறன் கொண்டதாக மாற்றக்கூடும் என்பதால், நட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. கிணற்று நீரைத் தொடர்ந்து சோதித்துவர வேண்டும்.

அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரிய உயிர் உரப் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, விதையில் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைப்பது நம் உழவர்களுக்குப் பழகிய விதை நேர்த்தி. இந்தப் பாக்டீரியாக்களையும் அப்படியே சேர்க்கலாம். ஆனால் நல்ல நிலத்துக்கென வளர்த்த பொட்டலச் சரக்கு, குரோமியமும் தோல் பதனிடப் பயன்பட்ட உப்பும் ஒருங்கே படிந்த மண்ணில் நிலைக்கும் என்று நம்புவது கடினம். அதே மண்ணில் தாக்குப்பிடித்து நிற்கும் புல்லின் வேரிலிருந்து பிரித்தெடுத்துப் பெருக்கியவையே பொருத்தமானவை என்பது என் உறுதியான கருத்து. இஸ்ரேலின் அரவா வறண்ட நிலத்திலிருந்து எடுத்த அக்ரோமோபேக்டர் பாக்டீரியா, உப்பு நீரில் தக்காளி நாற்றுகளை வளரச் செய்ததாக 2004-இல் வெளியான ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது.

அத்தகைய நிலத்தில் கீரையும் காய்கறியும் பயிரிடக் கூடாது. ஆடு மாடுகள் மேயாதபடி வேலி அடைக்க வேண்டும். அறுத்த புல்லையும் தீவனமாக விற்காமல், தனிக் கழிவாகவே கையாள வேண்டும்.