அக்காவின் இடியப்பக் குசினியும் என் பியர்ச் சட்டியும்

வைகாசியில் ஊருக்கு வந்த மறுநாள், நித்திரை பிடிபடாமல் விடிய மூன்று மணிக்கே எழும்பிவிட்டேன். திருகோணமலை உவர்மலை வீட்டின் பின்பக்கக் குசினியில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே போனால் ஒரே ஆவிப் புகார். டியூப் லைற் பால் கலந்த தண்ணீர் மாதிரிக் கலங்கி எரிந்துகொண்டிருந்தது. அக்கா இடியப்ப உரலைப் பிழிய, உதவிக்கு வரும் பிள்ளை தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சாமிப் படக் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. சீலிங்கில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்புப் பூஞ்சணம். அதிலிருந்து ஒரு துளி என் பிடரியில் விழுந்தது.

"மழைக்காலத்தில இதைவிட மோசமடா தம்பி. போன கார்த்திகையில மா கட்டிபட்டு ரெண்டு தரம் கொட்டினனான்" என்றாள் அக்கா.

அவள் முன்பு முற்றத்துக் கொட்டிலில் காஸ் அடுப்பில்தான் அவித்தாள். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்துப்போய் விறகுக்குத் திரும்பினாள். நெஞ்சு வருத்தம் தொடங்கியபிறகு அத்தான் 3000 வொட் மின்சாரச் சட்டி ஒன்று எடுத்துக்கொடுத்தார். கரண்ட் சாமானைக் கொட்டிலில் வைத்து மழையில் நனைக்க முடியாது. அதனால் எல்லாம் வீட்டுக்குள்ளே வந்துவிட்டது. ஆவியும் கூடவே வந்தது.

இந்தப் புகாரை எனக்கு நன்றாகத் தெரியும். கனடாவில் ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்டில் எட்டு வருசமாகப் பியர் காய்ச்சுகிறேன். அங்கே சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் காய்ச்சினால் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். ஆகவே இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் சட்டியை ஏற்றவேண்டாம். நான் எழுத வந்தது ஆவியைப் பற்றி.

பனிக்காலத்தில் வெளியே நின்று காய்ச்ச முடியாது. காஸ் அடுப்பை உள்ளே எரித்தால் காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும். அதனால்தான் வீட்டுக்குள் காய்ச்சுகிறவர்கள் மின்சாரத்துக்கு மாறுகிறார்கள். மின்சாரச் சட்டியிலிருந்து நச்சுப் புகை வராது, வருவது வெறும் தண்ணீர்தான் என்று நானும் ஆரம்பத்தில் நிம்மதியாக இருந்தேன். அந்த வெறும் தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவில்லை.

கொதிக்கும் தண்ணீர் ஒரு கிலோவை ஆவியாக்க ஏறக்குறைய 2257 கிலோயூல் வேண்டும். என் சட்டியின் சூடாக்கும் கம்பி 5500 வொட். முழு வேகத்தில் விட்டால் ஒரு மணித்தியாலத்தில் எட்டே முக்கால் லீற்றர் பறக்கும். கொதி தளராத அளவுக்குக் குறைத்து வைத்தாலும் ஐந்து லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். மூடிவிடலாமே என்று கேட்பீர்கள். பியருக்குப் போடும் மால்ட்டிலிருந்து, அதாவது முளைக்கவைத்துக் காயவிட்ட பார்லியிலிருந்து, டைமெதில் சல்பைட் என்றொரு பொருள் உண்டாகிறது, அவித்த சோளம் மாதிரி மணக்கும். அது ஆவியோடுதான் வெளியேறவேண்டும். இறுக மூடினால் அந்த மணம் பியரிலேயே தங்கிவிடும். ஆகவே ஒரு மணித்தியாலம், பில்ஸ்னர் என்ற வெளிர் மால்ட் என்றால் ஒன்றரை மணித்தியாலம், வாய் திறந்தே கொதிக்கவேண்டும்.

முதல் வருசம் சுவரின் உயரத்தில் ஒரு குளியலறை ஃபான் பூட்டினேன். அது ஓடிக்கொண்டே இருந்தது, சுவரும் நனைந்துகொண்டே இருந்தது. ஆவி ஃபானைத் தேடிப் போவதில்லை. நேரே மேலே எழும்பி, சீலிங்கில் முட்டி, நாலு பக்கமும் பரவி, குளிர்ந்த மூலை எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீராகிவிடும். பிறகுதான் சட்டிக்கு மேலே, சட்டியைவிட ஒவ்வொரு பக்கமும் 15 சென்ரிமீற்றர் அகலமாக ஆவி பிடிக்கும் கூடு போட்டு, ஆறு அங்குலக் குழாயில் ஃபான் வைத்து வெளியே தள்ளினேன். அதிலும் ஒரு தவணை, மாசி மாதக் குளிரில் வெளிமூடி உறைந்து ஒட்டிப்போய், குழாய்க்குள் சேர்ந்த தண்ணீர் முழுவதும் திரும்பி வந்தது.

அன்று நடந்த இன்னொன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். சீலிங்கில் இருந்து தண்ணீர் மின்வயரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சுவிட்சுப் பெட்டிக்குள் நேரே போய்விட்டது. டிரிப் சுவிட்ச் விழுந்தபடியால் தப்பினேன். வயரைப் பெட்டிக்குள் மேலிருந்து இறக்காதீர்கள். பெட்டியைவிடத் தாழ ஒரு வளைவு தொங்கவிட்டு, கீழிருந்து உள்ளே ஏற்றுங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். அக்கா வீட்டில் நான் முதலில் செய்த வேலை இதுதான், கூட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் முன்பே.

அவளுடைய 3000 வொட் சட்டி ஒரு மணித்தியாலத்தில் நாலு லீற்றருக்கு மேல் ஆவி விடும். மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை பன்னிரண்டு லீற்றர். ஒரு வாளித் தண்ணீர், நாள்தோறும், சீலிங்கிலும் சுவரிலும் மா டின்னிலும். ஸ்காபரோவில் பனிக்காலக் காற்று வறண்டது, வீட்டுக்குள் வந்து சூடானதும் ஈரத்தை ஆவலாய் உறிஞ்சும். திருகோணமலை விடியற்காலைக் காற்று அப்படியல்ல. கடல் ஈரத்தில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது, அதில் இன்னும் ஏற்ற இடமில்லை. அறைக் காற்றோடு கலந்தபிறகு ஆவியைத் துரத்துவது வீண் வேலை. சட்டி வாயிலேயே பிடிக்கவேண்டும். இதை அத்தானுக்கு விளங்கப்படுத்த இரண்டு நாள் எடுத்தது. ஏனென்றால் சுவரில் ஏற்கெனவே ஒரு பெரிய எக்ஸோஸ்ட் ஃபான் இருந்தது.

"ஃபான் சும்மா சுத்துதெண்டு சொல்லுறீரோ?" என்று கேட்டார்.

சாமித்தட்டில் இருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, சட்டிக்கு மேலே பிடித்துக் காட்டினேன். ஃபான் முழு வேகத்தில் ஓடுகிறது, ஊதுபத்திப் புகை நூல் மாதிரி நேரே மேலே போகிறது. நுளம்புக்கும் பூனைக்கும் பயந்து கதவு, யன்னல் எல்லாம் சாத்தியிருந்தார்கள். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் ஃபான் எதை வெளியே தள்ளும்? பின்கதவை ஒரு சாண் திறந்தேன். புகை மெல்லச் சாய்ந்தது, ஆனால் சட்டி ஆவி சாயவில்லை, ஃபான் அவ்வளவு தூரத்தில். அத்தான் ஊதுபத்தியை என் கையிலிருந்து வாங்கித் தானே கதவடியில், சட்டியடியில், ஃபானடியில் என்று மாறி மாறிப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அளவு நாடாவை எடுத்துவந்தார்.

பியர் காய்ச்சுகிறவர்கள் இப்போது வேறொரு முறையும் பாவிக்கிறார்கள். சட்டியை மூடி, பக்கத்தில் ஒரு குழாய் வைத்து, அதற்குள் குளிர்ந்த தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்து ஆவியை அங்கேயே தண்ணீராக்கி வாளியில் விடுவது. அந்தச் சோள மணமும் அதோடேயே போய்விடும். கூடும் வேண்டாம், சுவரில் ஓட்டையும் வேண்டாம். அருமையான முறை, நானும் பாவித்திருக்கிறேன். ஆனால் தை மாதத்தில் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் குழாயில் பல்லைக் கூசவைக்கும். இங்கே பைப்பைத் திறந்தால் தண்ணீர் இளஞ்சூடு. அதைவிடப் பெரிய தடை, பியர்ச் சட்டி ஒரு மணித்தியாலம் மூடியபடி இருக்கும், இடியப்பச் சட்டியைப் பத்து நிமிசத்துக்கு ஒருமுறை திறக்கவேண்டும். திறக்கும்போதுதானே ஆவி முகத்தில் அடிக்கிறது. கூடுதான் சரி என்று முடிவெடுத்தோம்.

உப்புக்காற்று சாதாரணத் தகரத்தை அரித்துவிடும் என்பதால் அலுமினியத் தகடு. பின்பக்கமும் இடப்பக்கமும் சுவர்வரை அடைத்து, அக்கா தட்டு வைக்கும் பக்கம் மட்டும் திறப்பு. உள்விளிம்பைச் சுற்றி விரல் அகலத்துக்குப் பீலி மாதிரி மடித்து ஒரு மூலைக்குச் சரித்தோம். கூட்டில் படியும் தண்ணீர் இடியப்பத்தில் விழக்கூடாது, பழுப்பு நிறமாக ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தத் தட்டு முழுவதும் வீண். பிவிசி குழாய் 60 பாகைக்கு மேல் தாங்காது. கூட்டுக்குள் அறைக்காற்று கலந்து ஆவி தணிந்தபிறகுதான் அதற்குள் விட்டோம். ஃபானும் மோட்டர் ஆவியில் நனையாத வகை.

முதலில் குழாயை மேற்குச் சுவரால் வெளியே விட்டது என் பிழை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மறந்துபோயிருந்தது. ஆனி பிறந்து காற்று எழும்பியதும் குழாய் வாயில் எதிர்த்து அடித்து, ஆவி முழுவதையும் அக்காவின் முகத்துக்கே திருப்பி அனுப்பியது. கிழக்குப் பக்கம் மாற்றுவோம் என்று சொன்னேன்.

"மார்கழியில வாடை அடிக்கேக்க என்னடா செய்வாய்?" என்றாள் அக்கா.

அவள் சொன்னதுதான் நியாயம். கூரையால் மேலே விட்டு, முகட்டைத் தாண்டி இரண்டு அடி உயர்த்தி, தொப்பி மூடி போட்டோம். அங்கே எந்தக் காற்று அடித்தாலும் ஒன்றுதான். நேர்க்குழாயில் படியும் தண்ணீர் திரும்பிச் சட்டிக்குள் இறங்காமலிருக்க, குழாயைக் கூட்டின் பின்புறத்திலிருந்து எடுத்து, ஏறும் இடத்தில் ஒரு டீ மூட்டு வைத்து, அதன் அடிவாயில் சின்ன ஹோஸ் ஒன்றைப் போத்தலுக்குள் விட்டோம். ஃபான் ஓட, பின்கதவின் அடியில் நுளம்புவலை அடித்த திறப்பால் காற்று உள்ளே வந்தது. அத்தான் மறுபடி ஊதுபத்தி கொளுத்தினார். புகை சட்டிக்கு மேலே வளைந்து கூட்டுக்குள் நுழைந்து மறைந்தது.

ஆடியில் நான் திரும்பிவிட்டேன். கார்த்திகையில் நாலு நாள் அடைமழைக்குப் பிறகு அக்கா குரல்பதிவு அனுப்பியிருந்தாள். சீலிங்கைத் துடைத்து வெள்ளை அடித்தாயிற்றாம், மா டின் காய்ந்து கிடக்கிறதாம், போத்தலில் ஒரு விடியலுக்கு அரைவாசி தண்ணீர் சேர்கிறதாம். குழாய் கூரையைத் துளைத்த இடத்தால் மட்டும் மழைத்தண்ணீர் சொட்டுகிறது, அத்தான் ஏணி வைத்துத் தார் பூசுகிறார் என்றாள். பின்னால் உரல் பிழியும் சத்தம் கேட்டது.