ஊமையாகிப்போன எஃப் ஷார்ப்

எங்கள் ஆலயத்தில் 1970-களில் ஜப்பானில் செய்யப்பட்ட டிரான்சிஸ்டர் ஆர்கன் ஒன்று இருக்கிறது. சென்ற தவக்காலத்தில் அதன் ஸ்பீக்கரிலிருந்து ஓயாத ரீங்காரம் எழத் தொடங்கியது. ஆர்கன் வாசிக்கும் அக்கா வேறொரு குறையும் சொன்னார்: டி மேஜர் பாடல்களில் இடது கை வெறுமையாக ஒலிக்கிறதாம். டி மேஜர் கார்டில், அதாவது சேர்ந்தொலிக்கும் மூன்று சுரங்களில், நடுச் சுரம் எஃப் ஷார்ப். கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபோது மேலே உள்ள எஃப் ஷார்ப்கள் ஒலித்தன. கீழே உள்ள இரண்டும் ஊமையாக இருந்தன.

ரீங்காரம் எளிதாகத் தீர்ந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரைக் கடந்தபின் மிஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸ். காதில் விழுந்தது அந்தத் தாழ்ந்த ஒலிதான். பிளக்கைக் கழற்றி, அந்த அலைவைச் சமன்செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் தேங்கியிருந்த மின்னூட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, வீங்கியிருந்த இரண்டையும் மாற்றினேன். அரை நாளில் முடிந்தது.

எஃப் ஷார்ப்தான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. கட்டைகளுக்கு அடியிலுள்ள தொடுகம்பிகளில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று எண்ணி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத்தால் அவற்றைத் துடைத்ததில் முதல் வாரம் வீணாயிற்று. கம்பியில் கோளாறு என்றால் ஒரு கட்டைதான் நின்றிருக்கும். இங்கோ மேல்வரிசை, கீழ்வரிசை, கால்கட்டை மூன்றிலும் ஒரே சுரம் நின்றிருந்தது. அதை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

இவ்வகை ஆர்கனில் பன்னிரண்டு சுரங்களுக்குப் பன்னிரண்டு போர்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஆசிலேட்டர் எனும் அதிர்வுச் சுற்று உச்ச ஸ்தாயியை எழுப்ப, அதைத் தொடரும் ஃபிளிப்-ஃபிளாப்கள் அதிர்வெண்ணைப் படிப்படியாகப் பாதியாக்கிக் கீழ் ஸ்தாயிகளைத் தருகின்றன. எங்களுடையதில் ஆசிலேட்டரின் 1480 ஹெர்ட்ஸும் அடுத்த 740, 370-உம் ஒலித்தன, 185-உம் 92.5-உம் இல்லை. அப்படியானால் மூன்றாம் ஃபிளிப்-ஃபிளாப்பில்தான் சங்கிலி அறுந்திருக்க வேண்டும். எஃப், எஃப் ஷார்ப் போர்டுகளை இடம் மாற்றிச் செருகியதும் ஊமைத்தனம் எஃப் கட்டைகளுக்குத் தாவியதால், வயரிங்கில் குறையில்லை, போர்டில்தான் குறை என்று உறுதியாயிற்று.

மின்துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் மூன்றாம் கட்டத்துக்குள் துடிப்பு நுழைவது தெரிந்தது, வெளியே வருவது அசையாத நேர்கோடு. உருப்பெருக்கியில் பார்த்தால் அங்கிருந்த இரு டிரான்சிஸ்டர்களின் கால்களும் கரி பூசியதுபோல் கறுத்திருந்தன. கழற்றிச் சோதித்ததில் ஒன்று செத்திருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு பிசி547 என்ற வகை டிரான்சிஸ்டர்களைப் போட்டேன். பழைய ஜப்பானிய டிரான்சிஸ்டரில் நடுக்கால் கலெக்டர், பிசி547-இலோ நடுக்கால் பேஸ். ஆகவே கால்களைக் குறுக்கே வளைத்து, ஒன்றோடொன்று தொடாதபடி மெல்லிய ஸ்லீவ் மாட்டியே சால்டர் செய்ய வேண்டியிருந்தது.

அன்று மாலை 185 ஹெர்ட்ஸ் கணீரென்று கேட்டது. கடைசியாக, ஆசிலேட்டர் காயிலின் உட்கருவைப் பிளாஸ்டிக் திருப்புளியால் திருப்பிச் சுருதி சேர்த்தேன். உலோகத் திருப்புளி பக்கத்தில் வந்தாலே சுருதி நகர்ந்துவிடும். உச்ச ஸ்தாயி சரியானதும் கீழுள்ளவை தாமாகவே சேர்ந்துகொண்டன.

மற்றப் பதினொரு போர்டுகளிலும் கால் கறுத்த டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவை ஒலிக்கும்வரை தொடுவதில்லை என்று முடிவு செய்து, ஒரு பொட்டலம் பிசி547-ஐ ஆர்கனின் பின்பலகைக்கு உள்ளேயே வைத்து மூடியிருக்கிறேன்.