விளிம்புத் துண்டு இல்லாத கண்ணாடிச் சாடியைச் சீரமைத்த அனுபவம்

விளிம்பில் ஒரு துண்டு காணாமற்போன, தடித்த, நிறமற்ற கண்ணாடிச் சாடி அது. முதலில் அணுகிய பழுதுபார்ப்பவர் அதைக் கையில்கூட எடுக்காமல், விளிம்பு முழுவதையும் சுற்றிலும் அறுத்து மெருகேற்றிவிடலாம் என்றார். ஒரு துண்டு போனதற்காக நல்ல நிலையில் இருக்கும் விளிம்பு முழுவதையும் அழிப்பதைச் சீரமைப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. அறுத்த உயரம் திரும்பி வராது. செய்தவர் வகுத்த வடிவமும் அத்தோடு போய்விடும். யாரேனும் இந்த யோசனையைச் சொன்னால் பொருளை உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை, அதே இடத்தில் முன்பு எவரோ ஊற்றி நிரப்பிய எப்பாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்தால் கெட்டிப்படும் செயற்கைப் பிசின்). அது மஞ்சளித்து, ஓரங்களில் விட்டுப்போயிருந்தாலும், நடுவில் கண்ணாடியை இறுகப் பற்றியிருந்தது. இத்தகைய நிரப்பலைக் கத்தியால் நெம்பினால் கண்ணாடிச் சில்லும் சேர்ந்து பெயர்ந்துவரும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, ஆவியாகாதபடி அலுமினியத் தாளால் மூடி, காற்றோட்டமான இடத்தில் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்த பிறகே அது உப்பி, தளர்ந்து, துண்டுகளாக வந்தது.

புதிய பிசினைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஒளி அதனுள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண்ணை, கேளுங்கள். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 1.52; ஈயம் கலந்த படிகக் கண்ணாடிக்கு இன்னும் அதிகம். பிசினின் எண்ணும் கண்ணாடியின் எண்ணும் பொருந்தாவிட்டால், நிரப்பல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதன் எல்லை பளிச்சென்று தெரியும். கைவினைப் பொருள்களுக்கென விற்கப்படும் பிசின்களில் இந்த எண்ணைப் பெரும்பாலும் குறிப்பிடுவதே இல்லை. அதனால், அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் பயன்படுத்தும், 1.52-ஐ ஒட்டிய எண் கொண்ட ஹெக்ஸ்டால் என்ஒய்எல்-1 என்ற எப்பாக்ஸியை வாங்கினேன். அதைச் சிறு புட்டிகளில் பிரித்து அனுப்பிய விற்பனையாளர், பிசினும் கெட்டிப்படுத்தும் பாகமும் 3:1 என்று மட்டும் எழுதி, அது எடைக் கணக்கு என்பதைச் சொல்லாமல், கொள்ளளவுக் கோடுகள் போட்ட கோப்பைகளையும் உடன் வைத்திருந்தார். அந்தக் கோப்பையை நம்பிக் கலந்த முதல் வார்ப்பு கெட்டிப்படவே இல்லை. விரல் வைத்தால் ஒட்டியது. விளக்கம் கேட்டு எழுதியதற்குப் பதிலும் இல்லை. துல்லியமான தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

நல்லவேளையாக, அந்த வார்ப்பைச் சாடியின் மீது நேரடியாக ஊற்றவில்லை. சேதமற்ற விளிம்புப் பகுதியில் சிலிக்கான் ரப்பரால் படியெடுத்து, அந்த அச்சைக் கொண்டு நிரப்பலைத் தனியே வார்ப்பதே என் திட்டம். சிலிக்கான் எண்ணெய் உடைந்த பரப்பில் படிந்தால் பிறகு எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது என்பதால், அங்கே முதலில் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினின் கரைசலை மெல்லிய காப்புப் பூச்சாகத் தடவியிருந்தேன். எடைபோட்டுக் கலந்த அடுத்த வார்ப்பு நன்றாகக் கெட்டிப்பட்டது. அறை வெப்பத்தில் அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆனால் தடித்த பகுதியின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு குமிழி நின்றுவிட்டது. நிறமற்ற கண்ணாடியில் அது ஒன்றே போதும், கண் வேறெங்கும் போகாது. மறுபடி வார்த்தபோது, கலவையைச் சிறிது நேரம் நிற்கவிட்டு, அச்சின் ஒரே மூலையில் மெல்லிய இழையாக ஊற்றியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

பொருத்தம் பார்த்துத் தேய்ப்பதையும் மெருகேற்றுவதையும் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு உப்புத்தாளை எடுத்தால் பக்கத்திலுள்ள அசல் கண்ணாடியில் கீறல் விழும். துண்டை ஒட்டவும் பாரலாய்டையே பயன்படுத்தினேன். அதன் ஒளிவிலகல் எண் சற்றுக் குறைவு என்பதால், பக்கவாட்டு வெளிச்சத்தில் இணைப்பு மெல்லிய கோடாகத் தெரிகிறது. எப்பாக்ஸியால் ஒட்டியிருந்தால் அந்தக் கோடு இன்னும் மங்கியிருக்கும். ஆனால் என்றாவது இந்த நிரப்பலும் மஞ்சளிக்கும்போது, அடுத்து வருபவர் நான் பட்ட பாட்டை மறுபடி படவேண்டியிருக்கும். பாரலாய்டு அசிட்டோனில் கரைந்துவிடும். இனி அந்தச் சாடியில் தண்ணீர் ஊற்றப்போவதில்லை, வெயில் படும் இடத்தில் வைக்கப்போவதும் இல்லை. பயன்படுத்திய பொருள்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சாடியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். முன்பு நிரப்பியவர் அப்படி ஒரு குறிப்பு விட்டுச்சென்றிருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.