அரைச் சுற்று

மார்ச் 3, செவ்வாய்

இன்னும் ஐந்து வாரம். இடது கால் தலையணை மேல். வண்டி ஷெட்டில். சாவி அக்காவிடம்.

மார்ச் 4

போன எஞ்சினின் மூன்றாவது பிஸ்டனைக் கவிழ்த்து மேஜையில் வைத்திருக்கிறேன், பேனா போட்டு வைக்க. இரண்டு ரிங்குக்கும் நடுவில் உள்ள விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குப் பிய்ந்திருக்கும். அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரிதான் எப்போதும் வைப்பேன். அக்கா மேஜை துடைத்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

கட்டு பிரிப்பதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். புது எஞ்சினில் பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, எதை வைத்துப் பிடிப்பது?

பூஸ்ட் அழுத்தத்தால் தண்டைத் தள்ளி வேஸ்ட்கேட் மூடியைத் திறப்பது ஆக்சுவேட்டர். அதில் இருக்கும் ஸ்பிரிங் அரை பார். எதுவும் செய்யாமல் விட்டால் 0.5 பாரில் வேஸ்ட்கேட் திறந்து, எக்ஸாஸ்ட், டர்போவைச் சுழற்றும் டர்பைனைத் தொடாமல் ஒதுங்கிப் போய்விடும். எனக்கு வேண்டியது 0.8. இந்த 0.3-க்காகத்தான் தூக்கம் போகிறது.

எந்த முறையானாலும் வேலை ஒன்றுதான்: ஆக்சுவேட்டரிடம் பொய் சொல்வது. 0.8 இருக்கும்போது 0.5-தான் இருக்கிறது என்று அதை நம்பவைக்க வேண்டும். பொய்யை யார் சொல்வது, எவ்வளவு சாமர்த்தியமாகச் சொல்வது என்பதில்தான் வித்தியாசம்.

ப்ளீட் வால்வு என்றால் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸில் T வடிவத்தில் ஒரு டீ இணைப்பு போட்டு, கொஞ்சம் காற்றைக் கசியவிடுவது. மீன்தொட்டிக் காற்றுக்குழாயில் இருக்குமே சின்னத் திருகு, அதுவே போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் பூஸ்ட் ஏற ஆரம்பித்ததுமே ஆக்சுவேட்டருக்குச் சேதி போய்விடுகிறது. வேஸ்ட்கேட் முன்கூட்டியே மெல்ல வாய் திறக்கும், டர்போ சோம்பலாக எழும்.

குண்டு-ஸ்பிரிங் வால்வு அப்படியில்லை. குறித்த அழுத்தம் வரும்வரை குண்டு வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதுவரை ஆக்சுவேட்டருக்கு ஒன்றுமே தெரியாது. வேஸ்ட்கேட் இறுக மூடியிருக்கும். பிக்கப் பிரமாதம். போன எஞ்சினில் இருந்தது அதுதான்.

மார்ச் 7

கடைசி வரியை எழுதிவிட்டு விடியும்வரை விழித்திருந்தேன். அன்று காலை திருகை அரைச் சுற்று உள்ளே முறுக்கியது நான். சாயங்காலம் ஓட்டியது நானில்லை.

மார்ச் 9

நண்பன் வந்திருந்தான். "குண்டு வால்வையே போடுடா. வயர் கிடையாது, லேப்டாப் கிடையாது. திருகினா கூடும், தளர்த்தினா குறையும். உடம்பு சரியில்லாத நேரத்துல எதுக்கு இந்த வேலை?"

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஹோஸ், ஒரு பித்தளைத் துண்டு, அவ்வளவுதான் பொருள். ஆக்சுவேட்டர் பக்கம் குண்டூசி முனையளவு ஒரு துளை மட்டும் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். அது அடைத்துக்கொண்டால் வேஸ்ட்கேட் திறந்தே கிடக்கும், வண்டி மாட்டுவண்டி ஆகும். அது பரவாயில்லை. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. குண்டு தூசியில் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தால்தான் வினை.

ஒட்டாவிட்டாலும் அதற்குக் கண் கிடையாது. வெயிலில் 0.8 வைத்தால் குளிர்ந்த ராத்திரியில் அதற்கு மேல் போகும். இரண்டாவது கியரில் சரியாக இருப்பது நான்காவதில் தாண்டும், அங்கே எஞ்சின் அதிக நேரம் சுமை இழுக்கிறது, டர்போவுக்கு நிதானமாக எழுந்து நிற்க நேரம் கிடைக்கிறது. பெட்ரோல் மோசமாக இருந்தாலும் அதே பூஸ்ட்தான்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "அப்ப ஓட்டறவன் கவனமா ஓட்டணும்"னு சொன்னான். பதில் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஆக்சுவேட்டரைக் கழற்றி எடுத்துவரச் சொன்னேன். அக்கா கையெல்லாம் கரியோடு வந்து மடியில் போட்டாள்.

மீட்டர் வைத்த சைக்கிள் பம்பு, நாலு மில்லி ஹோஸ், ஒரு கிளாம்ப். மெதுவாக அடித்தேன். 0.2, ஒன்றும் இல்லை. 0.3, ஒன்றும் இல்லை. 0.4-ஐத் தாண்டியதும் தண்டு ஒரு மயிரிழை நகர்ந்தது. பார்த்ததைவிட விரலில்தான் முதலில் தெரிந்தது. 0.5-இல் நன்றாகவே வெளியே வந்துவிட்டது. பம்பை நிறுத்திவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். இறங்கவில்லை. உள்ளே டயாபிரம் நன்றாக இருக்கிறது. ஓட்டையாகியிருந்தால் இந்தக் கதை முழுக்கவே வேறு.

தண்டை மரையில் நாலு சுற்றுக் குறுக்கிப் போட்டால் வேஸ்ட்கேட் மூடி இன்னும் இறுகும், பூஸ்ட் கொஞ்சம் கூடும், காசில்லாத வேலை. ஆனால் மூடி முழுசாகத் திறக்கும் தூரமும் குறைந்துபோகும். வேண்டாம். லேசான இழுப்போடு மூடினால் போதும்.

மார்ச் 13

கட்டுக்குள் அரிப்பு. ஸ்கேல் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். விட்டேன்.

மார்ச் 15

சாப் கம்பெனி இதை 1980-களின் தொடக்கத்திலேயே செய்துவிட்டது. APC என்று பெயர். எஞ்சின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். பெட்ரோல் கண்டபடி வெடிக்கும் தட்டல் சத்தம் வந்தால், கரண்டில் இயங்கும் ஒரு சோலினாய்டு வால்வு வழியாகப் பூஸ்டை இறக்கிவிடும், சத்தம் நின்றால் மறுபடி ஏற்றும். மட்டமான பெட்ரோல் போட்டால் வண்டி கொஞ்சம் மந்தமாகும், உடையாது. நாற்பது வருஷத்துக்கும் முன்னால்! நான் பித்தளைத் திருகை விரலால் திருகிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தத்தை அக்கா கேட்டிருக்கிறாள். "தகர டப்பாவுல கூழாங்கல் போட்டு ஆட்டின மாதிரி இருந்துச்சு, ரேடியோன்னு நெனச்சேன்" என்றாள், அன்று.

மார்ச் 17, செவ்வாய்

எது அதிக பவர் தரும் என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். மூன்றிலும் 0.8 வரும். கெட்டுப்போனால் எந்தப் பக்கம் சாயும் என்று மட்டும் பார்க்கிறேன்.

ப்ளீட்: டீயிலிருந்து திருகுக்குப் போகும் ஹோஸ் கழன்றால் காற்று எல்லாம் வெளியே, ஆக்சுவேட்டர் பட்டினி, பூஸ்ட் எகிறும். குண்டு வால்வு: ஒட்டினால் எகிறும். சோலினாய்டு: கரண்ட் போனால், வயர் அறுந்தால், ப்யூஸ் போனால் 0.5-க்கு இறங்கிவிடும். ஹோஸ் சரியாக மாட்டியிருந்தால்.

ஆக்சுவேட்டர் ஹோஸே கழன்றால் மூன்றும் ஒன்றுதான். அதற்கு எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவில், எரிபொருளை நிறுத்தும் எல்லை வேண்டும். போன எஞ்சினிலும் எல்லை இருந்தது. அடிக்கடி வெட்டுகிறது, தொந்தரவு என்று அதை உயர்த்தி வைத்ததும் நான்தான்.

சோலினாய்டு. மூன்று வாய் உள்ளது. முடிந்தது.

மார்ச் 18

வந்துவிட்டது. வாய்களில் 1, 2, 3 என்று போட்டிருக்கிறது. இந்த எண்களை நம்பவே கூடாது, ஆளுக்கொரு வரிசையில் போடுகிறார்கள். வாயால் ஊதிப் பார்த்தேன். கரண்ட் இல்லாதபோது எந்த வாயில் ஊதினால் எதில் வருகிறதோ, அந்த இரண்டும் கம்ப்ரஸருக்கும் (டர்போவில் காற்றை அழுத்தும் பக்கம்) ஆக்சுவேட்டருக்கும். பாட்டரி வைத்ததும் டிக். இப்போது ஆக்சுவேட்டர் வாய் மூன்றாவது வாயோடு சேர்கிறது, கம்ப்ரஸர் வழி அடைபடுகிறது. டிக், டிக். ராத்திரி பத்து மணிக்கு அக்கா கதவைத் தட்டி, "என்னடா அது பல்லி மாதிரி?" என்றாள்.

இது நொடிக்கு முப்பது தடவை டிக் போடும். அதில் எத்தனை பங்கு நேரம் கரண்ட் ஓடுகிறது என்பதுதான் டியூட்டி. பொய்யின் அளவு.

மார்ச் 20

சோலினாய்டை இன்ஜின் மேல் வைக்க வேண்டாம் என்றேன். பாடியில், சூடு படாத இடத்தில், ஆனால் ஹோஸ் நீளாமல். நீண்டால் சேதி தாமதமாகும், தாமதமானால் பூஸ்ட் தாண்டிப்போய்த் திரும்பும். அக்கா மூன்று இடம் காட்டினாள். மூன்றும் வேண்டாம் என்றேன். நாலாவதாக நானே சொன்ன இடம் அவள் முதலில் காட்டியது.

மார்ச் 22, ஞாயிறு

முதல் ஓட்டம். டியூட்டி பூஜ்யம், வெறும் ஸ்பிரிங். பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு லேப்டாப்போடு நான்.

பயம் வேறு. எக்ஸாஸ்டை அகலமாக்கியிருக்கிறேன். வேஸ்ட்கேட் ஓட்டை போதவில்லை என்றால், முழுசாகத் திறந்தும் ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்ட் தானாக ஊர்ந்து ஏறும். அதை எந்தக் கண்ட்ரோலராலும் பிடிக்க முடியாது. கண்ட்ரோலருக்கு ஏற்றத்தான் தெரியும், ஸ்பிரிங்குக்குக் கீழே இறக்கத் தெரியாது. டர்போவைக் கழற்றி ஓட்டையைப் பெரிதாக்குவதுதான் வழி.

மூன்றாவது கியர், முழு ஆக்சிலரேட்டர். 3000-இல் 0.5. 4500-இல் 0.51. 6000-இல் 0.54. அவ்வளவுதான். ஊரவில்லை.

"போதுமா, இன்னும் மிதிக்கவா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். முன்பெல்லாம் கேட்கமாட்டாள்.

மார்ச் 25

டியூட்டி 20 சதவீதம்: 0.6. 30: 0.7. 38: 0.79. ஈசியூ எதையும் திருத்தவில்லை, நான் எழுதிய அட்டவணைதான். இதோடு நிறுத்தியிருக்கலாம்.

மார்ச் 26

நிறுத்தவில்லை. ஈசியூவே பார்த்துத் திருத்தட்டும் என்று குளோஸ்டு லூப்பைப் போட்டேன். சேர்த்துச் சேர்த்துத் திருத்துகிற அந்த எண்ணைக் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டேன். பூஸ்ட் ஏறி முடிவதற்குள்ளேயே அது பாக்கியைக் கூட்டிக்கொண்டு வந்து மொத்தமாகக் கொட்டியது. 0.93. எல்லை 0.95.

தட்டல் இல்லை. ஈசியூ வெட்டவும் இல்லை. அக்காவுக்குத் தெரியவும் இல்லை. "நல்லா இழுக்குதுடா!" என்றாள்.

லேப்டாப்பை மூடிவிட்டேன். கால் வலிக்கிறது என்று சொன்னேன்.

மார்ச் 27

எண்ணைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். திருத்தம் இலக்கை நெருங்கிய பிறகுதான் தொடங்கும். 0.82 போய் 0.8-இல் நிற்கிறது. இப்போது எல்லை 0.9.

மார்ச் 29

இன்று செய்தது இதற்காகத்தான் இத்தனையும் என்று சொல்லலாம். ஷெட்டிலேயே சோலினாய்டு கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஓட்டச் சொன்னேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான்.

0.5. அரை பார். எவ்வளவு மிதித்தாலும் அரை பார்.

மூன்று தடவை ஓட்டச் சொன்னேன். மூன்றாவது தடவை எதற்கு என்று கேட்டாள்.

ஏப்ரல் 2

ஒன்றுமில்லை. அரிப்பு.

ஏப்ரல் 7, செவ்வாய்

கட்டு பிரித்தார்கள். கால் வேறு யாருடையதோ மாதிரி மெலிந்திருக்கிறது. ஷெட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். பாதி வரைதான் போகிறது.

சாயங்காலம் அக்கா பேனாக்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு அந்தப் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இதை எதுக்குடா இன்னும் வெச்சிருக்க? என்னைக் குத்திக்காட்டவா?"

ஏப்ரல் 8

சொல்லிவிட்டேன். அரைச் சுற்று என்று. எந்தப் பக்கம் என்று கேட்டாள்.