இடக்கைக்காரனும் மேகசின் மாற்றமும்

டெக்சாஸில் குடியேறி ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் கைத்துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். குறி பார்த்துச் சுடுவது ஓரளவு கைவந்துவிட்டது. தோட்டா தீர்ந்தபின் மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) மாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. நான் இடக்கைக்காரன் என்பதே அதற்குக் காரணம்.

சுடுதளத்தில் வாடகைக்குக் கிடைத்தது மூன்றாம் தலைமுறை க்ளாக் 19 கைத்துப்பாக்கி. கடைசித் தோட்டா வெளியேறியதும் அதன் ஸ்லைடு, அதாவது குழலை மூடியபடி முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி, பின்னே சென்று நின்றுவிடும். காலி மேகசினை விடுவிக்கும் பொத்தானும், நிற்கும் ஸ்லைடை முன்னே பாயவிட்டுப் புதுத் தோட்டாவை ஏற்றும் சிறு நெம்புகோலும் இடப்பக்கத்தில், வலக்கைக்காரரின் கட்டைவிரலுக்கு எட்டும்படி அமைந்துள்ளன.

முதல் பயிற்றுநர் நெம்புகோலைத் தொடவே கூடாது என்றார். பதற்றத்தில் விரல் நுனியின் நுணுக்கம் போய்விடும் என்பதால், புது மேகசினைச் செருகியபின் மறு உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து பற்றிப் பின்னிழுத்து விட்டுவிட வேண்டும், எந்தத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும் என்பது அவர் வாதம். போட்டிகளில் சுடும் இரண்டாமவரோ, சுடும் விசையையும் பொத்தானையும் அழுத்தத் தெரிந்த விரலுக்கு நெம்புகோல் மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டார். கண்ணை இலக்கிலிருந்து எடுக்காதே என்று முன்னவர் சொன்னதற்கு மாறாக, மேகசின் நுழையும் வாயை ஒரு கணம் பார்த்துவிடு என்றார் இவர். இதில் இவர் பக்கமே நியாயம். பாராமல் செருகி நான் தடுமாறிய நேரமே அதிகம்.

உள்ளங்கை முறையில் எனக்கு நேர்ந்தது இது: வலக்கையை ஸ்லைடின் மேல் வைத்து நெஞ்சருகே இழுத்தபோது, நான் அறியாமலே குழல்முனை வலப்புறம் திரும்பி, பக்கத்துத் தடத்தில் நின்றவரை நோக்கியது. பயிற்றுநர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அன்று போட்டிருந்தவை டம்மித் தோட்டாக்கள்தான் என்றாலும் கை நடுங்கிவிட்டது. மறுமுறை பயந்து ஸ்லைடைக் கையோடு மெல்லக் கொண்டுபோய் விட்டேன். அது முழுதாக மூடாமல் பாதியில் நின்றது.

பிறகு இரண்டாமவர் என் சுட்டுவிரலைக் கவனிக்கச் சொன்னார். இடக்கையில் பிடித்தால் அந்த விரல்தான் பொத்தானையும் நெம்புகோலையும் ஒட்டிக் கிடக்கிறது. பொத்தானை அழுத்தும் விரல் அதே நேரத்தில் விசைக்காப்புக்குள் (சுடும் விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள்) இருக்க முடியாது. மேகசின் மாற்றும்போது விரல் அதற்குள் தெரிந்தாலே ஆட்டத்தைவிட்டு வெளியேற்றும் விதி நடைமுறைச் சுடுதல் போட்டிகளில் உண்டு. மற்றவர்கள் நினைவு வைத்துச் செய்வது எனக்குத் தானாகவே அமைந்தது. ஆனால் அவசரத்தில் மேகசின் முழுதாக அமரும் முன்பே நெம்புகோலை அழுத்திவிடுவேன். தோட்டா ஏறாமல் ஸ்லைடு மூடும். விசையை இழுத்தால் வெறும் ‘க்ளிக்’ மட்டும் கேட்கும். மேகசினின் அடியை உள்ளங்கையால் தட்டி, ஒரு கணம் பொறுத்து, பிறகு விரலை நகர்த்துவது என்ற வரிசை பழக மூன்று வாரமானது.

2017இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் நெம்புகோல் இருபுறமும் உண்டு. அதிலும் நான் சுட்டுவிரலையே நம்புகிறேன். நெம்புகோல் எட்டாத பிறர் துப்பாக்கியில் மட்டும் உள்ளங்கை முறை, அதுவும் குழல்முனையை இலக்குத் திசையில் நிலைநிறுத்தி, உடம்பை அதற்கேற்பத் திருப்பிக்கொண்டு. வீட்டுப் பயிற்சியின்போது உண்மைத் தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கும். காலி மேகசின் விழும் இடத்தில் பழைய போர்வை ஒன்றை இரண்டாக மடித்து விரித்திருக்கிறேன். கீழ்வீட்டார் ஒருமுறை வந்து கதவைத் தட்டிய பிறகு.