அந்த அக்கா விட்ட இடம்

மலைப்பூண்டைக் கட்டிக்கொண்டே அந்த அக்கா பாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"பாடுங்கக்கா."

"அது சும்மா, வேலைக்குப் பாடறது தம்பி."

கை மட்டும் நிற்கவில்லை. காய்ந்த தாளைச் சுற்றி, ஒரே இழுப்பு. விரலிடுக்கெல்லாம் மண்.

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் திரும்பும் பஸ்ஸில், மூடுபனிக்குள், வாஷ்டி பன்யன் என்ற இங்கிலாந்துப் பாடகியைக் கேட்டுக்கொண்டு வந்தேன். குதிரை வண்டியில் லண்டனை விட்டு ஸ்காட்லாந்துத் தீவுகளை நோக்கிப் போனவர். அந்தப் பயணத்தில் பிறந்த பாட்டுகள் 1970-ல் முதல் ஆல்பமாக வந்தன. வாங்க ஆளில்லை. கிடாரை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகளை வளர்க்கப் போய்விட்டார்.

2000-ல் அது மறுபடி வெளிவந்த பிறகுதான் உலகம் காது கொடுத்தது. அடுத்த ஆல்பம் 2005-ல். நடுவில் 35 வருஷம்!

சைகடெலிக் ஃபோக், கனவு மயக்கம் கலந்த நாட்டுப்புறப் பாட்டு என்கிறார்கள். சரி, பெயர் எதுவானால் என்ன. எனக்கு அது தாலாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற குரல்.

அந்த 35 வருஷத்தைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. பாட்டு அவருக்குள் எங்கேயோ இருந்துகொண்டுதானே இருந்திருக்கும்?

காலையில் நான் நாலு எட்டு நடந்ததும், பின்னால் அக்கா விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.